குதிரையின் காலில் 5.5 கோடி வருஷத்தைப் படிப்பது எப்படி?

குதிரையின் பரிணாமத்தைப் படிக்க உட்காருகிறவர்கள் பலர் இயோஹிப்பஸ், மீசோஹிப்பஸ் என்று பேர்களை மனப்பாடம் செய்யத் தொடங்கி, நாலாவது பேரிலேயே அலுத்துப்போய் விட்டுவிடுகிறார்கள். பேர் அப்புறம் இருக்கட்டும். முதலில் உங்கள் கையை மேசைமேல் வையுங்கள்.

உள்ளங்கை முழுக்கப் பதியட்டும். இப்போது மணிக்கட்டை மெல்லத் தூக்குங்கள், கட்டைவிரல் மேசையை விட்டு எழும்பும். மிச்சமிருக்கிற நாலு விரல்தான் இயோஹிப்பஸின் முன்னங்கால். சுமார் 5.5 கோடி வருஷத்துக்கு முன் வட அமெரிக்கக் காடுகளில் இலை தின்று திரிந்த, நரி அளவே இருந்த பிராணி அது (பின்னங்காலில் மூணு விரல்தான்). இன்னும் தூக்கினால் சுண்டுவிரலும் எழும்பி மூணு விரலாகும், அது மீசோஹிப்பஸ். கடைசியில் நடுவிரல் மட்டும் ஊன்றி நிற்கும் பாருங்கள், அதுதான் இன்றைய குதிரை. குளம்பு என்பது அந்த ஒற்றை விரலின் நகம். முன்னங்காலில் முட்டி என்று நாம் சொல்வது அதன் மணிக்கட்டு. இது புரிந்த நாளிலிருந்து, ஓடுகிற குதிரையைப் பார்த்தால் எனக்கு அதன் விரல்நுனிதான் கண்ணில் படுகிறது.

பக்கத்தில் எங்காவது சாதுவான குதிரை இருந்தால் குதிரைக்காரரிடம் கேட்டுக்கொண்டு, பின்னால் போகாமல் பக்கவாட்டில் நின்று, அந்த முட்டிக்குக் கீழே காலின் பின்புறமாக விரலை ஓட்டுங்கள். பெரிய எலும்பின் இரு பக்கமும் பென்சில் போல மெலிந்த எலும்பு ஒன்று இறங்கி, குளம்பை எட்டாமலே சின்ன மொட்டுப் போல முடியும். ஆள்காட்டி விரலும் மோதிர விரலும் இருந்ததற்கான மிச்சம் அது. இதை விடச் சுலபமாகக் கைக்கு அகப்படுகிற சான்று எனக்குத் தெரிந்து இல்லை.

அடுத்து பல். இலை மெல்வதற்குக் குட்டைப் பல் போதும். புல்வெளிகள் பரவியபோது நிலைமை மாறியது, ஏனென்றால் புல்லில் மணலில் உள்ள அதே கடினமான சிலிக்கா இருக்கிறது, கூடவே மண்ணும் ஒட்டிக்கொண்டு வரும், ரெண்டும் சேர்ந்து பல்லை அரைத்துவிடும். சுமார் 1.5 கோடி வருஷத்துக்கு முன் வாழ்ந்த மெரிகிப்பஸில் கடைவாய்ப்பல் நெட்டையாகிவிட்டது. இன்றைய குதிரைக்கு அந்தப் பல்லின் பெரும்பகுதி தாடைக்குள்ளேயே புதைந்திருந்து, தேயத் தேய வருஷத்துக்கு 2, 3 மில்லிமீட்டர் வெளியே வரும்.

இதையெல்லாம் படமாகப் போடும்போது சின்னதிலிருந்து பெரியது வரை ஒரே வரிசையாக நிற்க வைக்காதீர்கள், தயவுசெய்து. பழைய பாடப்புத்தகங்கள் செய்த தப்பு அது. புதர் போலக் கிளை கிளையாக வரையுங்கள். ஒரே காலத்தில் பல வகைக் குதிரைகள் வாழ்ந்தன, நானிப்பஸ் போன்றவை உடம்பு சிறுத்தன, மூணு விரல் ஹிப்பாரியன் ஆசியாவுக்கு வந்து சிவாலிக் மலையில் எலும்பை விட்டுப் போனது. இன்றைய குதிரை, கழுதை, வரிக்குதிரை எல்லாம் அடங்கிய ஈக்வஸ், 40 லட்சம் வருஷத்துக்குச் சற்று முன் துளிர்த்த ஒரே ஒரு கிளை.

கூடவே ஒரு உலகப் படமும் வேண்டும். வட அமெரிக்காவிலிருந்து, அலாஸ்காவையும் சைபீரியாவையும் அப்போது இணைத்திருந்த பெரிங் நிலப்பாலம் வழியாக ஆசியாவுக்கு ஒரு அம்பு போடுங்கள். பிறந்த மண்ணில் சுமார் 10,000 வருஷத்துக்கு முன் குதிரை அழிந்துபோனது. அதனால் ஸ்பெயினிலிருந்து திரும்பி வரும் அம்பு ஒன்றும் வேண்டும்: 1493-ல் கொலம்பஸின் கப்பலில் கரீபியன் தீவுகளுக்கு, 1519-ல் ஸ்பானியப் படைத்தலைவர் கோர்தேஸோடு 16 குதிரைகளாக மெக்சிகோ கரைக்கு.