செப்புத் தகட்டில் முகம் செதுக்கும்போது தவிர்க்க வேண்டியவை

பரோக் காலத்து (ஐரோப்பாவில் பதினேழாம் நூற்றாண்டையொட்டிய) முறையில், அச்சிடுவதற்காகச் செப்புத் தகட்டில் உருவப்படம் செதுக்கப் பழகும் புதியவர்கள், எங்கள் தலைமுறை செய்த அதே தவறுகளைத்தான் செய்கிறார்கள். உளியைத் தீட்டுவது, உளி போகும் வழியில் விரலை வைக்காமல் இருப்பது போன்றவற்றை முதல் நாளே யாராவது சொல்லிவிடுவார்கள். அவற்றை விடுகிறேன்.

முகத்தில் எடுத்ததும் ஆழமாக வெட்டுவது

இதைப் பார்த்தால் இன்றும் எனக்கு எரிச்சல் வரும். பென்சிலில் பழகிய கை, கன்னத்து நிழலை ஒரே மூச்சில் கருக்கப் பார்க்கிறது. செம்பில் பள்ளம் ஆழமாக ஆக மை அதிகம் பிடிக்கும், அச்சும் கருக்கும். அதைக் குறைக்க, பள்ளத்தின் அடிவரை செம்பைச் சுரண்டித் தேய்க்க வேண்டும். அந்த இடம் குழிந்து, மை தங்கி, அழுக்குச் சாம்பலாக அச்சாகும். அப்புறம் தகட்டைக் கவிழ்த்து, பின்பக்கம் சரியாக அதே இடத்தைக் குறித்து, சுத்தியால் தட்டி எழுப்பி, மறுபடி செதுக்க வேண்டும்.

என்னிடம் பழகிய ஒருவர் தலைமுடி, லேஸ் கழுத்துப்பட்டை எல்லாவற்றையும் அழகாக முடித்துவிட்டு, மூக்கோரம் கனமாக ஒரு கோடு இழுத்தார். "கொஞ்சம்தானே" என்றார். அச்சில் அது தழும்பு போல நின்றது. சரிசெய்யத் தட்டியதில் பக்கத்து இமையும் நெளிந்தது. வாரக்கணக்கான வேலை வீண்.

பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயி, அவருடைய முதலமைச்சராக இருந்த கர்தினால் மசாரின் ஆகியோரை பிரெஞ்சுச் செதுக்குக் கலைஞர் ரொபேர் நான்தேய் (1623–1678) செதுக்கிய படங்களை பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். தோல் முழுக்கக் குட்டிக் கீறல்களும் புள்ளிகளும்தான். வெளிச்சம் விழும் இடத்தில் உளியே படவில்லை. நீங்களும் இலேசாக வெட்டி, சோதனை அச்சு எடுத்துப் பார்த்து, அதன்பிறகே ஆழப்படுத்துங்கள்.

மெல்லானை முதலில் நகலெடுப்பது

இயேசுவின் முகத்தை வெரோனிக்கா என்ற பெண் துடைத்த துணியில் அவர் முகம் பதிந்தது என்பது கிறிஸ்தவ மரபுக் கதை. அந்த முகத்தை, 1649இல் பிரெஞ்சுக் கலைஞர் க்ளோத் மெல்லான் ஒரே கோட்டில் செதுக்கினார். மூக்கு நுனியில் தொடங்கிச் சுழன்று விரியும் கோடு அது. தடிக்கும் இடம் நிழல், மெலியும் இடம் வெளிச்சம். பார்த்தவுடன் ஆசை வரும். ஆனால் கை பிசகினால் குறுக்குக்கோடு போட்டு மறைக்க அதில் வழியே இல்லை. சில ஆண்டுகள் பொறுங்கள்.

வளைவுக்கு உளியைத் திருப்புவது

தகட்டைத் திருப்புங்கள். அடியில் தோல் மணற்பை வைப்பது அதற்காகத்தான்.

பிசிறை விட்டுவைப்பது

உளி வெட்டிய கோட்டோரம் எழுந்து நிற்கும் செம்புப் பிசிறைச் சுரண்டி எடுங்கள்.

இடம் வலம் மறப்பது

தகட்டில் உள்ளது அச்சில் கண்ணாடியில் தெரிவதுபோல இடவலம் மாறி விழும். அதனால் முகத்தைச் சூழ்ந்த சட்டத்தில் வரும் பெயரைத் தலைகீழாக அல்ல, இடவலம் மாற்றிச் செதுக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் நினைவிருக்கும். உடையில்தான் ஏமாறுவார்கள். வரைபடத்தை அப்படியே தகட்டுக்கு மாற்றினால், இடது மார்பில் இருந்த பதக்கம் அச்சில் வலது மார்புக்குப் போய்விடும்.