மூத்த ஃபார்வர்டுக்கு எத்தனை நிமிடம்? ஐஸ் ஹாக்கி கோச்சுகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஐஸ் ஹாக்கியில் ஓர் அணி ஓர் ஆட்டத்துக்குப் பொதுவாக 12 ஃபார்வர்டுகளை (முன்னால் நின்று தாக்கி ஆடுபவர்களை) இறக்கும். மூன்று பேர் சேர்ந்தால் ஒரு லைன், ஆக நான்கு லைன். 60 நிமிட ஆட்டத்தில் முதல் லைன் ஆட்களுக்கு 18, 20 நிமிடம் கிடைக்கும். நான்காவது லைனில் 10 நிமிடம் கிடைத்தாலே பெரிது. 35 வயது தாண்டிய நட்சத்திரம் அணியில் இருந்தால், கோச் முதலில் கை வைப்பது இந்தக் கணக்கில்தான்.

கை வைப்பதில் தப்பில்லை. எந்த நிமிடத்தை வெட்டுகிறோம் என்று பார்க்காமல் மொத்தத்தை மட்டும் குறைப்பதுதான் தப்பு. பெனால்டி கில் (நம் ஆள் தண்டனையில் வெளியே இருக்க, ஆள் குறைவாகத் தற்காப்பது), சொந்தப் பக்கத்து ஃபேஸ்ஆஃப் (இருவர் நடுவே பக்கைப் போட்டு ஆட்டத்தைத் தொடங்குவது), எதிரணியின் வேகமான லைனைத் துரத்துவது எல்லாம் காலைச் சக்கையாகப் பிழியும் வேலைகள். பவர் பிளேயில் எதிரணிக்கு ஓர் ஆள் குறைவு, பக் (ஆடும் ரப்பர் வட்டு) பெரும்பாலும் நம்மிடம்தான் இருக்கும், ஓட்டமும் குறைவு. நல்ல ஷாட் கை உள்ள மூத்த ஆளை அதிலிருந்து எடுத்துவிட்டுத் துரத்தும் வேலையில் விடுவது சுத்த வீண்.

வட அமெரிக்காவின் என்.எச்.எல். லீகில், 2024-25 சீசனில் வாஷிங்டன் கேப்பிடல்ஸ் கோச் ஸ்பென்சர் கார்பெரி, அலெக்ஸ் ஓவெச்கினின் நேரத்தை ஆட்டத்துக்கு 18 நிமிடத்துக்குக் கீழே கொண்டுவந்தார். பவர் பிளேயில் எதிரணி கோலுக்கு அருகே உள்ள இடது ஃபேஸ்ஆஃப் வட்டத்தில் அவர் நிற்கும் இடத்தை மட்டும் தொடவில்லை. கால் எலும்பு முறிந்து 16 ஆட்டங்களை விட்ட பிறகும் அவர் 65 ஆட்டங்களில் 44 கோல் அடித்தார். வெய்ன் கிரெட்ஸ்கியின் 894 கோல் சாதனையை 2025 ஏப்ரல் 6 அன்று, 39 வயதில், தாண்டியதும் அதே வட்டத்திலிருந்து அடித்த பவர் பிளே கோலில்தான்.

அடுத்தது, ஷிஃப்ட்டின் நீளம். பெஞ்சிலிருந்து இறங்கி, திரும்ப வரும்வரை ஆடும் ஒரு ஷிஃப்ட் சுமார் 45 வினாடி. பழைய நட்சத்திரங்கள் ‘இன்னும் ஒரே ஒரு வாய்ப்பு’ என்று வெளியே வராமல் நிற்பார்கள். மரியாதை கருதி கோச்சும் கண்டுகொள்ள மாட்டார். ஆட்டத்தின் மூன்று பீரியடுகளில் இரண்டாவதில் இது கழுத்தறுக்கும். பக்கம் மாறிவிடுவதால் தற்காக்கும் இடத்திலிருந்து பெஞ்ச் தூரமாகிவிடும். அந்த நேரம் பார்த்து நம் ஆள் ஐசிங் செய்துவிட்டால் (நம் பாதியிலிருந்தே பக்கை எதிரணியின் கோல் கோட்டைத் தாண்டி அடித்துவிட்டால்), ஆட்களை மாற்றவும் விதி விடாது. மூச்சு வாங்கும் அதே ஐந்து பேர்தான் ஃபேஸ்ஆஃபுக்கு நிற்க வேண்டும். மொத்த நேரம் 14 நிமிடமே என்றாலும், நீண்ட ஷிஃப்ட்டுகளாக ஆடினால் ஆள் காலியாகிவிடுவார்.

மூன்றாவது லைனுக்கு இறக்கினால் அவமானம் என்று நினைத்து, முடியாமல் போகும்வரை முதல் லைனிலேயே வைத்திருப்பது இன்னொரு வகை. பாஸ்டன் புரூயின்ஸ் கேப்டனாக இருந்த பிராட் மார்ஷண்ட் 2025 மார்ச்சில் ஃபுளோரிடா பாந்தர்ஸுக்கு மாறினார். அங்கே அவருக்குக் கிடைத்தது ஆன்டன் லுண்டெல், ஈட்டு லுவோஸ்டரினென் ஆகியோருடன் மூன்றாவது லைன். எதிரணியின் முதல் தர டிஃபன்ஸ் ஜோடி பெரும்பாலும் வேறு லைனைக் கவனித்துக்கொண்டிருக்க, என்.எச்.எல். பட்டமான ஸ்டான்லி கோப்பையின் இறுதித் தொடரில் மட்டும் அவர் 6 கோல் அடித்தார். கோப்பையும் வந்தது.

லைன் எண்ணைவிட முக்கியம், கூட யார் ஆடுகிறார்கள் என்பது. நிதானமான இரண்டு மூத்தவர்களை ஒரே லைனில் போட்டால் பக்கைத் துரத்தி மீட்க ஆளே இருக்காது. இதே பாந்தர்ஸ் 2015-16ல் யாரோமிர் யாகரை 20 வயது அலெக்சாண்டர் பார்கோவுடனும் 22 வயது ஜொனாதன் ஹூபர்டோவுடனும் ஆடவிட்டது. இளைஞர்கள் ஓடினார்கள், யாகர் போர்டு (மைதானத்தைச் சுற்றிய தடுப்புச் சுவர்) ஓரத்தில் உடம்பை வைத்துப் பக்கைக் காத்தார். அந்த சீசனில் 44 வயதைத் தொட்ட யாகர் எடுத்த 66 புள்ளிகள்தான் (கோலும் கோலுக்கான பாஸும் சேர்ந்து) அணியிலேயே அதிகம்.

சரி, நேரம் குறைத்தாயிற்று. அப்புறம் ஆளை 10 நிமிடம் பெஞ்சில் ஆறப்போட்டுவிட்டு, கடைசி நிமிடத்தில் ‘போய் கோல் அடி’ என்று அனுப்பக் கூடாது. இடையிடையே சின்ன ஷிஃப்ட் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். நீண்ட சீசனில் அடுத்தடுத்த நாள் ஆட்டங்கள் வரத்தான் செய்யும். இரண்டாம் நாள் ஓய்வு தருவதாக இருந்தால் அதை முன்கூட்டியே, நேரில், கோச்சே சொல்லிவிட வேண்டும். காலைப் பயிற்சியில் லைன் பட்டியலைப் பார்த்துத்தான் அவர் தெரிந்துகொள்ள வேண்டும் என்ற நிலை வரக் கூடாது.