மரக் கம்பெனிப் பங்கு வாங்கும்போது எங்கே சறுக்குகிறோம்

அமெரிக்காவில் வீட்டுக்குத் தட்டுப்பாடு, அங்கே வீட்டை மரத்தில்தான் கட்டுகிறார்கள், அதனால் மரம் அறுக்கும் கம்பெனிப் பங்கை வாங்கிப் போட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் தேவை வேறு, கிராக்கி வேறு. வீடில்லாமல் தவிப்பவர்கள் இருப்பதால் மட்டும் ஒரு மரச்சட்டம்கூட விற்காது, அவர்களுக்கு வங்கிக் கடன் கட்டுப்படியாகி, பில்டர் அஸ்திவாரம் தோண்டினால்தான் விற்கும். 2021-இல் 3 சதவீதத்தை ஒட்டி இருந்த 30 வருட வீட்டுக் கடன் வட்டி, 2023 அக்டோபரில் 8 சதவீதத்தை நெருங்கியது. தட்டுப்பாடு அப்படியே இருந்தது, கட்டுவது குறைந்துவிட்டது. மாதாமாதம் அங்கே புதிதாக எத்தனை வீடு கட்ட ஆரம்பித்தார்கள் என்று அரசு வெளியிடும் கணக்கைப் பாருங்கள். 2005 முழுக்க 20 லட்சத்துக்கு மேல், 2009 முழுக்க வெறும் 5.5 லட்சம்! நாலே வருஷம்தான். பழைய வீட்டைப் பழுது பார்ப்பதற்கும் நிறைய மரம் போகிறது, அதையும் பலர் கணக்கில் எடுப்பதில்லை.

எனக்குத் தெரிந்து அதிகம் பேர் பணத்தைத் தொலைப்பது அடுத்த தவறில்தான்: பி.இ. (பங்கு விலை, ஒரு பங்குக்கான வருஷ லாபத்தைப்போல் எத்தனை மடங்கு என்ற கணக்கு) குறைவாக இருக்கிறது என்று வாங்குவது. அங்கே மரத்துக்கு விலை சொல்வது ஆயிரம் போர்டு அடிக்கு. ஓரடி நீளம், ஓரடி அகலம், ஓரங்குலக் கனம் என்றால் ஒரு போர்டு அடி. சுவர்ச் சட்டத்துக்குப் போடும் எட்டடி டூ-பை-ஃபோர் (பெயரளவில் இரண்டங்குலக் கனம், நாலங்குல அகலம்) ஒன்றில் இப்படி ஐந்தேகால் போர்டு அடி சொச்சம். 2021 மே மாதம் முன்பேரச் சந்தையில் விலை 1,700 டாலரைத் தொட்டபோது அந்த ஒரு சட்டம் மொத்த விலையிலேயே 9 டாலர், விலை 400-இல் இருந்தால் 2 டாலர் சொச்சம். மில்லின் கூலியும் கரண்டும் அந்த அளவுக்கு ஏறி இறங்காது, ஆகவே விலை ஏறும்போது வருவதில் பெரும்பகுதி லாபம், இறங்கும்போது நஷ்டம். உலகிலேயே அதிக மரம் அறுக்கும் வெஸ்ட் ஃபிரேசர் 2021-இல் ஏறக்குறைய 290 கோடி டாலர் லாபம் காட்டியது, 2023-இல் நஷ்டம். உச்சத்தில் சம்பாதித்ததை வைத்துக் கணக்குப் போட்டால் பி.இ. மூன்று, நாலு என்று வரும், பங்கு சல்லிசாகத் தெரியும். உண்மையில் அதுதான் ஆபத்தான நேரம். பத்து வருஷ லாபத்தின் சராசரியை எடுத்துப் பாருங்கள். நஷ்டம் காட்டும் வருஷத்தில் கடன் எவ்வளவு, கையில் ரொக்கம் எவ்வளவு என்று பார்ப்பது இன்னும் முக்கியம்.

அப்புறம், எல்லா மரக் கம்பெனியும் ஒன்று என்று நினைப்பது. அமெரிக்கக் கம்பெனியான வெயர்ஹாயுசருக்கு அங்கே ஒரு கோடி ஏக்கருக்கு மேல் சொந்தக் காடு இருக்கிறது, விலை படுத்தால் மரத்தை வெட்டாமல் வளரவிடலாம். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் காடு பெரும்பாலும் அரசுடையது. மரத்துக்கு அரசுக்குக் கட்டும் தொகை சந்தை விலையைச் சில மாதம் பிந்தித்தான் தொடரும், அதனால் விலை விழுந்த பிறகும் மில்காரர் பழைய உயர்ந்த தொகையைக் கட்டிக்கொண்டிருப்பார். போதாததற்கு பைன் வண்டு அங்கே விற்கத்தக்க பைன் மரத்தில் பாதியளவைக் கொன்றுவிட்டது. மரம் கிடைக்காமல் எத்தனையோ மில்களை மூடினார்கள். கனடாக் கம்பெனிகளான கேன்ஃபார், இன்டர்ஃபார், வெஸ்ட் ஃபிரேசர் மூன்றுமே அமெரிக்கத் தென்மாநிலங்களில் மில் வாங்கியதற்கு இதுவும் ஒரு காரணம். எந்த மில் எங்கே இருக்கிறது என்பதை ஆண்டறிக்கையில் தேடிப் படியுங்கள்.

ஏற்றுமதிக் கதையை நம்பி வாங்குவதும் உண்டு. 2008-க்குப் பிறகு அமெரிக்க வீட்டுச் சந்தை படுத்தபோது கனடா மில்களைத் தாங்கிப் பிடித்ததில் சீனாவுக்குப் பெரிய பங்கு. ஆனால் அங்கே போன மரத்தில் கணிசமான பகுதி மர வீட்டுக்கு இல்லை, கான்கிரீட் போடும் சென்ட்ரிங் வேலைக்கு. வேறு இடத்தில் மலிவாகக் கிடைத்தால் அங்கே மாறிக்கொள்ள அவர்களுக்கு ஒரு நாள் போதும், ரஷ்ய மரம் பக்கத்திலேயே இருக்கிறது. 2021-இல் அங்கே ரியல் எஸ்டேட்டும் சரிந்தது. 2025 மார்ச்சில் பூச்சி இருக்கிறது என்று சொல்லி அமெரிக்கத் தடிமரத்தையே சீனா நிறுத்தி வைத்தது, நவம்பரில்தான் மறுபடி திறந்தது. ஜப்பான் கிராக்கி இதைவிட நிதானமானது, வாங்குவது வீட்டுத் தூணுக்கும் உத்திரத்துக்கும்.

கடைசியாக வரி. கனடா மரத்தின் மீது அமெரிக்கா போடும் வரி 2025-இல் பல கம்பெனிகளுக்கு 35 சதவீதமாகி, அக்டோபரில் இன்னொரு 10 சதவீதமும் சேர்ந்தது. இந்த 35 சதவீதத்தைக் கம்பெனிகள் டெபாசிட்டாகக் கட்டுகின்றன, இந்த வரியை எதிர்த்து நடக்கும் வழக்கு சாதகமாக முடிந்தால் திரும்பி வரலாம் என்பதால் அதைச் சொத்தாகவே கணக்கிட்டு, பங்கு ஒன்றுக்கு இத்தனை டாலர் மறைந்திருக்கிறது என்று எழுதுபவர்கள் இருக்கிறார்கள். இதே போன்ற முந்தைய வரிச் சண்டையை முடித்த 2006 அமெரிக்க-கனடா ஒப்பந்தத்தில் 500 கோடி டாலருக்கு மேல் வசூலித்ததில் சுமார் 400 கோடிதான் திரும்பியது, அதற்கும் பல வருஷம் பிடித்தது. அந்தப் பணத்தைப் பூஜ்ஜியம் என்று வைத்துக்கொண்டு பங்கின் விலையை நிதானியுங்கள், வந்தால் வரட்டும்.