எலும்புகளைப் பற்றிப் பேச ஊரைக் கூட்டுமுன்

இலங்கையிலிருந்து எடுத்துச்செல்லப்பட்டு வெளிநாட்டு நூதனசாலைகளில் உள்ள மனித எச்சங்களைப் பற்றித் திருகோணமலையில் கலந்துரையாடல் வைக்க விரும்புவோர் முதலில் மண்டபத்தைப் பிடிக்கிறார்கள். பிறகு பேராசிரியரை அழைக்கிறார்கள். அழைப்பிதழ் அச்சேறிய பின்னர்தான், இலங்கையின் ஆதிக்குடிகளான வேடர் சமூகத்தில் யாராவது கிடைப்பார்களா என்று தேடுகிறார்கள். யாருடைய முன்னோரைப் பற்றிய பேச்சோ, அவர்களுக்குக் கிடைப்பது ஐந்து நிமிட வாழ்த்துரை.

தேடும்போதும், பலரும் அறிந்த வேடர் ஊரான தம்பானையைத் தாண்டுவதில்லை. 2019 நவம்பரில் எடின்பரோ பல்கலைக்கழகம் 9 வேடர் மண்டையோடுகளை அங்கிருந்து சென்ற தலைவர் ஊருவரிகே வன்னிலா அத்தோவிடம் கையளித்தது. அந்தச் செய்தியைப் படித்தவர்களுக்கு, மூதூரிலும் வெருகலிலும் தமிழ் பேசும் வேடர் குடிகள் வாழ்வது நினைவுக்கு வருவதில்லை. 1880களில் சுவிஸ் ஆய்வாளர்களான சரசின் சகோதரர்களால் சேகரிக்கப்பட்டு, பின்னர் பாசல் நகரைச் சென்றடைந்த வேடர் எலும்புகளைப் பற்றி இந்தக் குடிகளுக்கும் கேள்விகள் இருக்கலாம். நிகழ்ச்சி நிரலை எழுதுமுன் அவர்களின் ஊருக்குப் போய், எதைப் பேச வேண்டும், எதைப் பேசக்கூடாது என்று கேளுங்கள்.

அழைப்பிதழில் மண்டையோட்டுப் படம் போடுவது வெறும் ரசனைக் குறைவு அல்ல. கன்னியா வெந்நீரூற்றில் இறந்தோருக்கான அந்தியேட்டிக் கிரியை செய்துவந்த குடும்பங்களும், 2020இல் கொரோனாவால் இறந்தவர்களின் ஜனாஸாக்கள் வலுக்கட்டாயமாக எரிக்கப்பட்டதைக் கண்ட முஸ்லிம்களும் அந்த மண்டபத்தில் இருப்பார்கள்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, காணாமல் ஆக்கப்பட்டோரைப் பற்றி ஒரு தாய் எழுந்து கேட்கும்போது “அது வேறு தலைப்பு” என்று நெறியாளர் சொல்வது. மன்னாரிலும் செம்மணியிலும் மனிதப் புதைகுழிகள் தோண்டப்பட்டதை அறிந்த மக்களிடம் எலும்பு என்ற பேச்சை எடுத்துவிட்டு, 19ஆம் நூற்றாண்டோடு நின்றுகொள்ளுங்கள் என்று கேட்க முடியாது. அதற்கென நேரம் ஒதுக்குங்கள். காணாமல் போனோர் தொடர்பான சட்ட நடைமுறை தெரிந்த ஒருவரை முன்கூட்டியே அழைத்து வையுங்கள். மேடையில் இராணுவ, பொலிஸ் சீருடை வேண்டாம். முன்வரிசையிலும் வேண்டாம்.

“எல்லாவற்றையும் மீட்போம்” என்ற முழக்கத்தையும் தவிர்க்கலாம். பிரித்தானியாவின் 2004ஆம் ஆண்டு மனித இழையச் சட்டம், இறந்து 1000 ஆண்டுகளுக்கு உட்பட்டவர்களின் எச்சங்களைக் கையளிக்க 9 தேசிய நிறுவனங்களுக்கு அனுமதிதான் தருகிறது, கட்டாயப்படுத்தவில்லை. ஆங்கிலேயருக்கு எதிரான கிளர்ச்சிக்காக 1818இல் சிரச்சேதம் செய்யப்பட்ட கெப்பெட்டிபொலவின் மண்டையோடு எடின்பரோவிலிருந்து திரும்பியதே 1954இல்தான். எந்த நிறுவனத்திடம் என்ன இருக்கிறது, யார் எழுதிக் கேட்க வேண்டும், பதில் வராவிட்டால் அடுத்து என்ன என்பவற்றைச் சொன்னால் போதும்.

மற்றவை சில்லறை விடயங்கள், ஆனால் கூட்டத்தைக் கெடுப்பவை. வெள்ளிக்கிழமை நண்பகலில் வைக்காதீர்கள். சிங்களத்தில் பேசுபவர் வந்தால் உரைபெயர்ப்பாளர் பக்கத்திலேயே இருக்கட்டும், இறுதியில் தரும் சுருக்கம் உதவாது. வெருகலிலிருந்து வருபவர்களுக்குத் திரும்பிப் போக வாகனம் ஒழுங்குசெய்யுங்கள். வழிச்செலவை அன்றே கையில் கொடுத்துவிடுங்கள்.