நெட் அடிக்ஷன்ல இருந்து வெளிய வர ஆன்லைன் ப்ரோக்ராமை எப்படி யூஸ் பண்றது: காலேஜ் ஸ்டூடன்ட்ஸுக்கு

போன் பழக்கத்தை விடுறதுக்கு போன்லயே ஒரு ப்ரோக்ராமான்னு கேக்குறாங்க, நியாயமான கேள்விதான். ஆனா காலேஜ் படிக்கிறவங்க நெட்ட மொத்தமா விட முடியாது, நோட்ஸ் அதுல, அசைன்மென்ட் அதுல, ரிசல்ட்டும் அதுலதான் வருது. அதனால எதுக்கு எடுத்தோமோ அத முடிச்சிட்டு கீழ வைக்கப் பழகணும், அதுக்கு போன் கையில இருக்கும்போதே பயிற்சி எடுக்குறது நல்லதுதான். கவுன்சிலர் ரூமுக்குப் போறத யாராவது பாத்துருவாங்களோன்னு கூச்சப்படுறவங்களும் ரூம்ல இருந்தே ஆரம்பிச்சிடலாம்.

மொதல்ல நீங்க எந்த நிலைமையில இருக்கீங்கன்னு பாருங்க. கிம்பர்லி யங்னு ஒரு அமெரிக்க சைக்காலஜிஸ்ட் 1998ல வெளியிட்ட டெஸ்ட் ஒன்னு இருக்கு, 20 கேள்வி, ஒவ்வொன்னுக்கும் அதிகபட்சம் 5, மொத்தம் 100. 50 தாண்டினா கவனிக்கணும், 80 வந்தா கவுன்சிலரை நேர்ல பாத்துப் பேசியே ஆகணும். டெஸ்ட்டை மட்டும் வச்சு நோய்னு முடிவு பண்ணிடாதீங்க. மொத்த மார்க்க விட எந்தக் கேள்விக்கு 4, 5 போட்டீங்கங்கறதுதான் முக்கியம், தூக்கம் கெடுதா, படிப்பு கெடுதா, யாராவது கூப்பிட்டா எரிச்சல் வருதான்னு அதுலயே தெரிஞ்சிடும்.

அடுத்து ஒரு வாரம் எதையும் மாத்தாம சும்மா குறிச்சு மட்டும் வைங்க. இத ஸ்கிப் பண்ணிடாதீங்க ப்ளீஸ். போன்லயே இருக்குற ஸ்க்ரீன் டைம், டிஜிட்டல் வெல்பீயிங் எல்லாம் எத்தனை மணி நேரம் பாத்தீங்கன்னு சொல்லும், ஏன் எடுத்தீங்கன்னு சொல்லாது. அதனால ஒரு பேப்பர்ல, எடுக்குறதுக்கு முன்னாடி என்ன பண்ணிட்டு இருந்தீங்க, மனசு எப்படி இருந்துச்சு, எப்ப கீழ வச்சீங்க, இந்த மூணும் போதும். புரியாத பாடத்தைத் திறந்த உடனே கை ரீல்ஸுக்குப் போகுதுன்னா உங்க பிரச்சினை ரீல்ஸ் இல்ல, அந்தப் பாடத்து மேல இருக்குற பயம். ராத்திரி தனியா இருக்கும்போது மட்டும் போகுதுன்னா அது தனிமை. ரெண்டுக்கும் ஒரே ஆப் பிளாக்கர் போட்டா ஒன்னும் நடக்காது, பாஸ்வேர்டும் உங்ககிட்டதான இருக்கு!

இப்ப ப்ரோக்ராம் தேர்ந்தெடுங்க. சிபிடி, அதாவது எண்ணத்தையும் பழக்கத்தையும் சேர்த்து மாத்துற முறைய வச்சு நடத்துறதா, இத்தனை வாரத்துல முடியும்னு சொல்றாங்களா, உங்க பதில யார் பாப்பாங்கன்னு தெளிவா எழுதிருக்காங்களான்னு பாருங்க. எல்லாத்துக்கும் மேல, வாரம் ஒரு தடவையாவது ஒரு மனுஷன் உங்ககிட்ட பேசுவாரான்னு கேளுங்க. ஆள் இல்லாம வீடியோ மட்டும் ஓடுற ப்ரோக்ராம்ல பாதியில விட்டுட்டுப் போறவங்க ரொம்ப அதிகம். டெய்லி வந்தா பேட்ஜ், ஸ்ட்ரீக் உடைஞ்சா அலர்ட்னு இருக்குற ஆப் வேண்டாம், உங்கள மாட்டி வச்சதே அந்த வித்தைதான். காசு இல்லன்னா இன்டர்நெட் அண்ட் டெக்னாலஜி அடிக்ட்ஸ் அனானிமஸ்ங்கற குழு ஆன்லைன்ல இலவசமா மீட்டிங் நடத்துது, பேர் சொல்லாமயே உக்காந்து கேக்கலாம், குடிய விடுறவங்க குழுக்கள்ல இருக்குற மாதிரி படிப்படியா போற அவங்களோட 12 படி முறை எல்லாருக்கும் ஒத்துவராது, ரெண்டு மூணு மீட்டிங் பாத்துட்டு முடிவு பண்ணுங்க.

சேந்தாச்சுன்னா ப்ரோக்ராம் பாடத்த லேப்டாப்ல பாருங்க, அந்த நேரம் மட்டும் போன் அடுத்த ரூம்ல இருக்கட்டும். கூட ஒரு ஃப்ரெண்டையும் சேத்துக்கோங்க, நீங்க டல்லாகுற வாரம் அவர் இழுப்பாரு.

பயிற்சியில ரெண்டு விஷயத்தை கெட்டியா பிடிச்சுக்கோங்க. ஒன்னு, 'இப்படி ஆனா இத செய்வேன்'னு முன்கூட்டியே எழுதுறது. 'போன கம்மி பண்ணுவேன்'னு எழுதினா வேலைக்கு ஆகாது, 'சாப்பிட்டு முடிச்சதும் போன சார்ஜ் போட்டுட்டு கதவுக்கு வெளிய வந்துருவேன்'னு எழுதுங்க. இன்னொன்னு, ஆலன் மார்லட்ங்கற சைக்காலஜிஸ்ட் குடி, சிகரெட் பழக்கத்துக்கு சொல்லிக்கொடுத்த முறை: எடுக்கணும்னு தவிப்பு வந்தா சண்ட போடாம, அலை மாதிரி ஏறி இறங்குறத மூச்ச கவனிச்சிட்டே பாக்குறது. மொதல்ல கஷ்டமாதான் இருக்கும், செய்யச் செய்ய அது தானா இறங்குறது உங்களுக்கே தெரியும்.

காலேஜ் சார்பா நடத்துறவங்களுக்கும் ஒன்னு சொல்லணும். கட்டாயப்படுத்தாதீங்க, டெஸ்ட் மார்க்க டிபார்ட்மென்டுக்கோ வீட்டுக்கோ அனுப்பாதீங்க, ஒரு தடவ வெளிய போச்சுன்னா அப்புறம் எவனும் உண்மைய எழுத மாட்டான்.

சாப்பாடு, தூக்கம், எக்ஸாம் எல்லாத்தையும் விட்டுட்டு கேம்லயே கிடந்தா ஆன்லைன் ப்ரோக்ராம் மட்டும் பத்தாது, டாக்டரைப் பாருங்க. 2022ல அமலுக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தோட நோய்ப் பட்டியல்லயே கேமிங் டிஸார்டர் இருக்கு, அதனால கேலி பண்ணுவாங்கன்னு பயப்படாதீங்க. செத்துரலாம்னு நெனப்பு வந்தா அன்னைக்கே பக்கத்துல இருக்குறவங்ககிட்ட சொல்லி அவங்களோட டாக்டர்கிட்ட கிளம்புங்க.

மத்தவங்க எல்லாரும், ப்ரோக்ராம் முடிஞ்ச அன்னைக்கு ஒரு தடவ, அடுத்த செமஸ்டர் எக்ஸாம் நேரத்துல ஒரு தடவ அதே 20 கேள்விய திரும்ப போடுங்க, டென்ஷன் ஏறும்போது மார்க்கும் ஏறுச்சுன்னா அந்த ஒரு வார குறிப்ப மறுபடியும் எழுதிட்டு கவுன்சிலருக்கு மெசேஜ் பண்ணுங்க.