திருகோணமலையில் பைக் ஓட்டுபவர் காலுக்கு எந்தச் சப்பாத்து?

நிலாவெளி வீதியில் கடற்காற்று கொண்டுவந்து கொட்டும் மணல் தார் ஓரத்தில் விரல் கனத்துக்குப் படிந்து கிடக்கும். அதில்தான் ஒருநாள் என் முன்சில்லு வழுக்கியது. வேகம் முப்பதுகூட இல்லை. ஹெல்மெட் போட்டிருந்ததால் தலைக்கு ஒன்றும் ஆகவில்லை. காலில் இருந்ததோ பாட்டாச் செருப்பு. பைக் இடப்பக்கம் சரிந்ததும் செருப்பு கழன்று எங்கோ போனது. வெறுங்கால் கணு ஃபுட்ரெஸ்டுக்கும் தாருக்கும் நடுவில் அகப்பட்டது. ஆறு கிழமை பிளாஸ்டர் கட்டோடு வீட்டில் இருந்தேன்.

எங்கள் ஊரில் ஹெல்மெட் இல்லாமல் வெளிக்கிடுகிறவர்கள் குறைவு. ஆனால் காலைப் பாருங்கள், பத்தில் எட்டுப் பேர் செருப்பு. 150 சிசி பைக் ஒன்று 140 கிலோவுக்குக் கிட்ட வரும். அது சரியும்போது அடியில் முதலில் அகப்படுவது கால்தான். புதிதாகப் பைக் எடுத்த தம்பி தங்கைமாருக்காக, பூட்ஸ் வாங்குவது எப்படி என்று ஒழுங்காக எழுதிவைக்கிறேன்.

படி 1: ஒரு கிழமை எங்கெங்கே ஓடினீர்கள் என்று எழுதுங்கள்

கடைக்குப் போக முன் இதைச் செய்யுங்கள். ஒரு கடதாசியில் ஏழு நாளின் ஓட்டத்தையும் குறியுங்கள். அநேகமானோருக்குக் கீழே சொல்லும் மூன்று வகை ஓட்டத்தில் ஒன்றுதான் அதிகம் வரும்.

அனுராதபுரச் சந்தி, சந்தை, உட்துறைமுக வீதி, உப்புவெளி என்று டவுனைச் சுற்றிய ஓட்டம் ஒன்று. ஏ6 வழியே கந்தளாய், ஹபரணை என்றோ, ஏ15 வழியே கிண்ணியா, மூதூர் தாண்டி மட்டக்களப்பு என்றோ போகும் தூர ஓட்டம் இரண்டாவது. தம்பலகாமத்து வயல் பாதை, குச்சவெளிக்கு உள்ளே போகும் கிரவல் வீதி, மழைக்குச் சேறாகும் குளக்கட்டு என்பவை மூன்றாவது.

எது அதிகமோ அதற்கு வாங்குங்கள். வருடத்தில் ஒருமுறை போகும் பயணத்துக்காக வாங்கிய கனத்த பூட்ஸ் மற்ற நாளெல்லாம் கட்டிலுக்கு அடியில்தான் கிடக்கும். போடாத பூட்ஸ் எவர் காலையும் காப்பாற்றாது.

படி 2: ஓட்டத்துக்கு ஏற்ற வகை

டவுன் ஓட்டத்துக்குக் கணுவை மூடும் குட்டை ரைடிங் சப்பாத்து போதும். வெளியே பார்த்தால் சாதாரணச் சப்பாத்துப் போலத்தான் இருக்கும். கணுவின் இரண்டு பக்கமும் கடினமான காப்பு, குதிக்காலைச் சுற்றி விறைப்பான கிண்ணம், எளிதில் தேயாத தோல் என்பவை அதில் இருக்கும். வேலைத்தலத்திலும் அதோடேயே நிற்கலாம். ஸ்கூட்டி ஓட்டும் பெண்களுக்கும் நான் சொல்வது இதைத்தான். ஸ்கூட்டியில் கால் உள்ளே இருக்கிறது, பயமில்லை என்று நினைக்கிறோம். ஆனால் சமநிலை தவறினால் கால் தானாக வெளியே நீண்டு தரையில் ஊன்றும். அந்த நேரத்தில் திறந்த செருப்பு ஒன்றுக்கும் உதவாது.

தூர ஓட்டத்துக்கு டூரிங் பூட்ஸ். கெண்டைக்கால் பாதிவரை ஏறும், முன்னெலும்புக்கும் காப்பு உண்டு. அடி ஓரளவு விறைப்பாக இருப்பதால், நாள் முழுக்க ஃபுட்ரெஸ்டில் வைத்திருந்தாலும் பாதம் நோகாது.

மண் பாதைக்கு என்று வரும்போது இரண்டை வேறுபடுத்திப் பாருங்கள். மோட்டோகிராஸ் பூட்ஸ் முழங்காலுக்குக் கிட்ட வரும். பிளாஸ்டிக் தகடும் கொக்கிகளும் கொண்டது, கணுவை எந்தப் பக்கமும் முறுக விடாது. பாதுகாப்பில் அதை மிஞ்ச ஒன்றில்லை, ஆனால் அதைப் போட்டுக்கொண்டு நடப்பது கடினம். கியர் லீவரின் உணர்வும் காலுக்கு மட்டாகத்தான் தெரியும். அட்வெஞ்சர் பூட்ஸ் இதற்கும் டூரிங்குக்கும் இடைப்பட்டது. கிரவலில் ஓடி வேலைக்குப் போய் வருகிறவர்களுக்கு அட்வெஞ்சர் வகைதான் பொருந்தும்.

ரேஸ் பூட்ஸ் நமக்குத் தேவையில்லை.

படி 3: உள்ளே இருக்கும் முத்திரையை வாசியுங்கள்

உண்மையான மோட்டார் சைக்கிள் பூட்ஸ் என்றால் உள்நாக்கிலோ உட்பக்கத்திலோ பைக் ஓட்டுபவரின் சிறு படமும் ஈஎன் 13634 என்ற ஐரோப்பியத் தர எண்ணும் இருக்கும். பக்கத்தில் நான்கு இலக்கங்களைத் தேடுங்கள். ஒவ்வொன்றும் 1 அல்லது 2 ஆக இருக்கும்.

முதல் இலக்கம் பூட்ஸின் உயரம். இரண்டாவது, தாரில் உரசும்போது எவ்வளவு நேரம் தாங்கும் என்பது. மூன்றாவது, கூரான பொருள் வெட்டுவதை எவ்வளவு தடுக்கும் என்பது. நான்காவது, பைக் மேலே விழுந்து பாதத்தைப் பக்கவாட்டில் நசுக்கும்போது அடிப்பாகம் எவ்வளவு எதிர்த்து நிற்கும் என்பது. எல்லாவற்றிலும் 2 தான் கூடிய தரம். முதல் இலக்கம் 1 ஆக இருந்தாலும் பரவாயில்லை, நான்காவதில் 2 உள்ளதை நான் தேடுவேன். என் கால் அகப்பட்டது அப்படித்தான்.

ஐபிஏ என்ற எழுத்து இருந்தால் கணுக்காப்பு தனியாகச் சோதிக்கப்பட்டிருக்கிறது. ஐபிஎஸ் முன்னெலும்புக்கு. டபிள்யூஆர் தண்ணீர் புகாமைக்கு. ஐபிஏ இருந்தால் கட்டாயம் அந்தச் சோடியையே எடுங்கள்.

சேஃப்டி சப்பாத்து போதாதா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். துறைமுகத்திலும் கட்டிட வேலையிலும் போடும் அந்தச் சப்பாத்துக்கு வேறு தரம், ஈஎன் ஐஎஸ்ஓ 20345. அதன் இரும்பு மூக்கு 200 ஜூல் அடியைத் தாங்கும், விரல்களுக்கு நல்லது. ஆனால் கணுவுக்கு அடி படுவதையோ தாரில் உரசுவதையோ நினைத்துச் செய்தது அல்ல. மூக்கு தடித்திருப்பதால் கியர் லீவருக்கு அடியில் நுழையவும் சிரமப்படும். கையில் காசு இறுக்கம் என்றால், கணுவை மூடும் தோல் சேஃப்டி சப்பாத்து செருப்பைவிட எவ்வளவோ மேல். காசு சேரும்வரை அதைப் போடுங்கள்.

படி 4: கையால் சோதியுங்கள்

முத்திரை போலியாகவும் இருக்கலாம். அதனால் கையை நம்புங்கள்.

ஒரு கையால் மூக்கையும் மறு கையால் குதியையும் பிடித்து ஈரத்துணி பிழிவதுபோல் முறுக்குங்கள். துணி மாதிரித் திரும்பினால் வைத்துவிடுங்கள். அடுத்து, பாதத்தின் அகலமான இடத்தில் இரண்டு பக்கமும் உள்ளங்கையால் அழுத்துங்கள். எளிதாக மடியக்கூடாது. குதிப்பக்கத்தைப் பெருவிரலால் அழுத்தினால் அமுங்காமல் நிற்க வேண்டும். கணு இடத்தில் உள்ளே கடினமான தகடு தட்டுப்படுகிறதா பாருங்கள். வெறும் பஞ்சு மெத்தை காப்பு ஆகாது.

முன்புறத்தில் லேஸ் இருந்தால் அதை மூடி ஒட்டும் பட்டி உண்டா என்று பார்க்க வேண்டும். தொங்கும் லேஸ் கியர் லீவரில் சிக்கினால், சந்தியில் கால் ஊன்ற வேண்டிய நேரத்தில் கால் வராது.

படி 5: அளவு

பின்னேரம் போய்ப் போட்டுப் பாருங்கள். இந்த வெக்கையில் பகல் முழுக்க நின்ற கால் சற்று வீங்கியிருக்கும், அதுதான் உண்மையான அளவு. ஓடும்போது போடும் அதே தடித்த சொக்ஸையே கொண்டுபோங்கள். விரலுக்கு முன்னால் சிறிது இடம் வேண்டும், குதி மேலெழும்பக்கூடாது. எல்லாப் பட்டியையும் இறுக்கிவிட்டு, பூட்ஸைக் கையால் கழற்ற முயலுங்கள். கழன்று வந்தால், விழும்போதும் கழன்றுவிடும்.

கடைசியாகப் பைக்கில் ஏறி உட்காருங்கள். நின்று பார்க்கும்போது பொருந்தியது உட்கார்ந்ததும் முழங்காலுக்குப் பின்னே குத்தலாம்.

படி 6: மழையும் உப்பும்

ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் இங்கே கொட்டுகிற மழைக்குத் தண்ணீர் புகாத பூட்ஸ் வேண்டும் என்று தோன்றும். தூரம் ஓடுகிறவர்கள் வாங்குங்கள். டவுனுக்குள் மட்டும் ஓடுகிறவர்களுக்கு நான் சொல்லமாட்டேன். மீதி மாதங்களில், அதுவும் கச்சான் காற்றடிக்கும் காலத்தில், உள்ளே கால் அவிந்துபோகும். வாங்கினால் ரெயின்கோட் காற்சட்டையை பூட்ஸுக்கு வெளியே விடுங்கள். மேலால் புகுந்த தண்ணீர் வெளியேற வழியில்லை.

நனைந்தால் வெயிலிலோ அடுப்படியிலோ வைக்கவேண்டாம், தோல் வெடிக்கும். பழைய பத்திரிகைக் கடதாசியைத் திணித்து நிழலில் வையுங்கள், ஈரம் ஊறினதும் கடதாசியை மாற்றுங்கள். கடற்கரைப் பக்கம் ஓடி வந்தால் ஜிப்பையும் கொக்கிகளையும் ஈரத்துணியால் துடைக்க வேண்டும், உப்பு அவற்றை விரைவில் தின்றுவிடும்.

பழைய பூட்ஸ் மலிவாகக் கிடைத்தால் அடிப்பாகத்தை நன்றாக வளைத்துப் பாருங்கள். பாலியூரித்தேன் அடி, போடாமல் பெட்டியில் கிடந்தாலும், காற்றின் ஈரத்தால் சில வருடங்களில் உள்ளுக்குள் சிதையும். பார்க்கப் புதிதுபோல இருக்கும், இரண்டாம் நாள் பிட்டு மாதிரி உதிரும்.

படி 7: பைக்கையும் காலுக்கு ஏற்ப மாற்றுங்கள்

புது பூட்ஸின் மூக்கு செருப்பைவிட உயரம். முன்னும் பின்னும் மிதிக்கும் கியர் என்றால் பிரச்சினை குறைவு, குதியால் மிதித்தே கியரைக் கூட்டலாம். ஒற்றை லீவர் என்றால் அதைச் சற்று உயர்த்த வேண்டும். லீவரின் போல்ட்டை முழுதாகக் கழற்றுங்கள், பெரும்பாலும் பத்தாம் நம்பர் ஸ்பானர் போதும். லீவரை இழுத்தெடுத்து, அது பொருந்தும் பல் வைத்த அச்சில் ஒரு பல் மேலே வைத்துத் திரும்ப இறுக்குங்கள். கம்பி வைத்த லீவர் என்றால் அந்தக் கம்பியின் இரு முனை நட்டையும் தளர்த்தி, கம்பியைத் திருப்பி, நட்டைத் திரும்ப இறுக்கினால் சரி. பிரேக் பெடலையும் பாருங்கள். அதன் உயரத்தை மாற்றினால், பின்பக்க பிரேக் லைட் உரிய நேரத்தில் எரிகிறதா என்று ஒருவரை நிற்கவைத்துச் சரிபாருங்கள்.

அப்புறம் ஒரு காலியான மைதானத்துக்குப் போங்கள். முதலில் நியூட்ரல் தேடிப் பழகுங்கள், பிறகு ஒன்றிலிருந்து மூன்றுவரை ஏற்றி இறக்குங்கள். தடித்த அடியில் பின் பிரேக்கின் உணர்வு குறைவாகத் தெரியும். சில்லு இறுகிப்போகாமல் நிறுத்தக் கால் பழகும்வரை திரும்பத் திரும்பப் பிடித்துப் பாருங்கள். அதற்குப் பிறகு வீதிக்கு வரலாம்.