பிக்கப்பில் டயர் உரசுகிறதா? வெட்டுவதற்கு முன் இதையெல்லாம் செய்து பாருங்கள்

பெரிய டயர் மாட்டிய வாரத்திலேயே பல பிக்கப் உரிமையாளர்கள் கேட்கும் சத்தம் இது: ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து ரிவர்ஸ் எடுக்கும்போது முன்பக்கத்திலிருந்து 'சர்ர்ர்' என்று ஓர் உரசல். டயர் கடையில் சொன்னால், "லிஃப்ட் கிட் போட்டுடலாம் சார், சரியாயிடும்" என்பார்கள். வண்டியின் உயரத்தைக் கூட்டும் அந்த வேலை நல்ல செலவு பிடிக்கும். போட்ட பிறகும் உரசல் அப்படியே இருக்க வாய்ப்பு உண்டு. தினமும் ஆபீஸ், தோட்டம், மளிகைக் கடை என்று ஓடுகிற வண்டிக்குப் பெரும்பாலும் ஒரு ஹீட் கன் (சூடான காற்றை ஊதும் கருவி), கொஞ்சம் கிளிப்புகள், ஒழுங்கான அலைன்மென்ட் போதும்.

உதாரணத்துக்கு டொயோட்டா ஹைலக்ஸை எடுத்துக்கொள்கிறேன். இசுஸு வி-கிராஸ் வைத்திருப்பவர்களும் இதே வரிசையில் போகலாம். அளவுகள் மட்டும்தான் மாறும்.

முதலில் கொஞ்சம் கணக்கு

ஹைலக்ஸின் 17 அங்குல ரிம்மில் வரும் டயர் 265/65 ஆர்17: அகலம் 265 மி.மீ., பக்கச்சுவர் உயரம் அதில் 65 சதவீதம். இதன் விட்டம் சுமார் 776 மி.மீ. ஒரு படி மேலே 265/70 ஆர்17 போட்டால் 803 மி.மீ. எல்லோரும் ஆசைப்படும் 285/70 ஆர்17 என்றால் 831 மி.மீ. அதாவது பழைய 265/65 டயரை விட முன்னும் பின்னும் ஏறக்குறைய 27 மி.மீ. கூடுதலாக நீட்டிக்கொண்டிருக்கும். அகலமும் 20 மி.மீ. கூடுகிறது. சக்கரக் குழிக்குள் கம்பெனி விட்டிருக்கும் இடைவெளி இதில் காணாமல் போய்விடும்.

டயரை விடப் பெரிய வில்லன் ரிம்மின் ஆஃப்செட், அதாவது வண்டியோடு போல்ட் ஆகும் முகம் ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து எத்தனை மி.மீ. வெளிப்பக்கம் தள்ளி இருக்கிறது என்ற அளவு. ஹைலக்ஸின் ரிம் ஆஃப்செட் பிளஸ் 30. அதைக் கழற்றிவிட்டு ஆஃப்செட் பூஜ்ஜியம் உள்ள அலாய் மாட்டினால், சக்கரம் முழுசாக 30 மி.மீ. வெளியே வந்து நிற்கும். பார்க்கக் கம்பீரமாக இருக்கும்தான். ஆனால் சக்கரம் தன் நடுவில் நின்று திரும்புவதில்லை. உள்ளே இருக்கும் பால் ஜாயின்ட்டுகளைச் சுற்றித்தான் திரும்புகிறது. எவ்வளவு வெளியே நிற்கிறதோ அவ்வளவு பெரிய வட்டம் போடும், வழியில் இருப்பதையெல்லாம் தொடும். ரிம்முக்குப் பின்னால் ஸ்பேசர் என்ற தடித்த தகட்டைப் போட்டாலும் இதே கதைதான். டயர் உள்பக்கம் அப்பர் ஆர்மை (சஸ்பென்ஷனின் மேல் கை) தொடுகிறது என்றால் மட்டுமே ஸ்பேசருக்கு வேலை உண்டு.

இன்னும் டயர் வாங்கவில்லை என்றால் நான் சொல்வது: பழைய ரிம்மையே வைத்துக்கொண்டு 265/70 ஆர்17 போடுங்கள். கீழே உள்ள பாதி வேலை தேவைப்படாது. ஸ்பீடோமீட்டரும் அதிகம் ஏமாற்றாது. 285/70 போட்டால் மீட்டரில் 100 காட்டும்போது முன்பு ஓடியதை விட 7 சதவீதம் அதிக வேகத்தில் ஓடிக்கொண்டிருப்பீர்கள்.

படி 1: எங்கே உரசுகிறது என்று கண்டுபிடியுங்கள்

இதில் அவசரப்படாதீர்கள். காது சொல்வதை நம்பிப் போனால் தப்பான பக்கத்தைக் கழற்றிக்கொண்டிருப்போம். ஸ்டியரிங்கை இடப்பக்கம் முழுக்க ஒடித்தால், இடது டயரின் பின்பகுதி உள்ளே, சேசிஸ் பக்கம் போகும். அதே நேரம் வலது டயரின் பின்பகுதி வெளியே, மட் ஃப்ளாப் பக்கம் வரும். ஒரே திருப்பத்தில் இரண்டு பக்கமும் வேறு வேறு இடத்தில் தொடலாம்.

ஒரு பெட்டி சாக்பீஸ் வாங்குங்கள். இரண்டு முன் டயர்களின் தோள்பட்டையிலும், அதாவது தரையில் படும் பகுதி முடிந்து பக்கச்சுவர் தொடங்கும் மூலையில், உள்பக்கமும் வெளிப்பக்கமும் அழுத்தித் தேயுங்கள். காய்ந்த தரையில் ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுக்க ஒடித்து மெதுவாக முன்னே போய், அப்படியே ரிவர்ஸ் வாருங்கள். மறுபக்கமும் அதே மாதிரி. இறங்கி டார்ச் அடித்துப் பாருங்கள். தொட்ட இடத்தில் வெள்ளை ஒட்டியிருக்கும். பல நாளாக உரசுகிறது என்றால் சாக்பீஸே வேண்டாம். சக்கரக் குழிக்குள் இருக்கும் கறுப்பு பிளாஸ்டிக்கான லைனரில், மண் படிந்திருந்தாலும் அந்த ஓர் இடம் மட்டும் துடைத்த மாதிரி கறுப்பாக மின்னும்.

இது சமதளச் சோதனை. அடுத்து ஒரு முன் சக்கரத்தை மட்டும் மேட்டில் ஏற்றி, சஸ்பென்ஷன் அமுங்கிய நிலையில் ஒடித்துப் பாருங்கள். ஸ்பீட் பிரேக்கரில் திரும்பும்போது மட்டும் உரசுகிற வண்டி இதில்தான் மாட்டும்.

டயர் மாற்றவே இல்லை, திடீரென்று உரச ஆரம்பித்தது என்றால் கதை வேறு. லைனரின் கிளிப் உடைந்து தொங்குகிறதா, லோயர் ஆர்ம் புஷ் தேய்ந்துவிட்டதா, டயரில் காற்று குறைவா என்று பாருங்கள். பின்பக்கம் உரசினால் லீஃப் ஸ்பிரிங்கின் சென்டர் போல்ட் உடைந்து ஆக்ஸில் நகர்ந்திருக்கலாம். அதோடு வண்டியை ஓட்டாதீர்கள்.

பிரேக் ஹோஸையோ ஏபிஎஸ் சென்சார் வயரையோ டயர் தொடுகிறது என்றாலும், டயரின் பக்கச்சுவரில் நூல் தெரிகிறது என்றாலும் வண்டியை ஓட்டாதீர்கள். மெக்கானிக்கை வரச் சொல்லுங்கள்.

படி 2: மட் ஃப்ளாப்

முதலில் இதைக் கழற்றுங்கள். நாலைந்து ஸ்க்ரூதான். பாதிப் பேருக்கு இங்கேயே பிரச்சினை முடிந்துவிடும். மழைக்காலத்தில் கதவெல்லாம் சேறாகும் என்று கவலைப்பட்டால், வளையக்கூடிய மெல்லிய ரப்பர் ஃப்ளாப்பை இரண்டு விரல் பின்னால் தள்ளி மாட்டிக்கொள்ளலாம்.

படி 3: லைனரைச் சூடாக்கித் தள்ளுவது

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, பின் சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். வீல் நட்டுகளைத் தரையில் இருக்கும்போதே லேசாகத் தளர்த்திவிட்டு ஜாக்கி ஏற்றுங்கள். சேசிஸுக்கு அடியில் ஸ்டாண்ட் கொடுத்த பிறகுதான் சக்கரத்தைக் கழற்ற வேண்டும். வெறும் ஜாக்கியை நம்பித் தலையை உள்ளே விடாதீர்கள்.

உரசும் பகுதியில் லைனரின் கிளிப்புகளைக் கழற்றி, பின்னால் கையை விட்டுத் தடவுங்கள். வயர், வாஷர் டேங்க், ஃபாக் லேம்ப் கனெக்டர் ஏதாவது ஒட்டி இருந்தால் முதலில் அதை நகர்த்திக் கட்டுங்கள்.

இப்போது ஹீட் கன். ஒரு சாண் தூரத்தில் பிடித்து, கையை நிறுத்தாமல் வட்டமாக ஆட்டிக்கொண்டே இருங்கள். மங்கலாக இருக்கும் பிளாஸ்டிக் மெல்ல மினுமினுக்க ஆரம்பிக்கும், அதுதான் பதம். புகை வந்தால் கருகுகிறது என்று அர்த்தம். தோல் கையுறை போட்டுக்கொண்டு ஒரு மரக்கட்டையால் பின்னோக்கி அழுத்தி, ஈரத் துணியை அதன்மேல் போட்டு ஆறும்வரை அப்படியே பிடியுங்கள். கையை எடுத்ததும் கொஞ்சம் திரும்பி வரும் என்பதால், தேவைக்கு மேல் ஒரு விரல்கடை அதிகமாகவே தள்ளுங்கள். ஹீட் கன் இல்லை என்று கேஸ் டார்ச்சைத் தூக்கிக்கொண்டு போக வேண்டாம். லைனர் ஓட்டையாகும், பின்னால் இருக்கும் வயரும் உருகும்.

சில லைனர்கள் பிளாஸ்டிக் அல்ல, கம்பளி மாதிரி இருக்கும். அவற்றில் சூடு வைக்காமல் ஓரத்தை இழுத்து ஜிப் டையால் கட்டிவிடுங்கள்.

படி 4: அலைன்மென்ட்டில் கேஸ்டரைக் கேளுங்கள்

தெரிந்தவர்கள்கூடத் தவறவிடும் இடம் இது. கேஸ்டர் என்பது பக்கவாட்டிலிருந்து பார்க்கும்போது சக்கரம் திரும்பும் அச்சு முன்னோ பின்னோ சாய்ந்திருக்கும் கோணம். டயர் பின்பக்கம்தான் உரசுகிறது, முன்னால் இடம் இருக்கிறது என்றால், சக்கரத்தையே கொஞ்சம் முன்னே நகர்த்தலாம். ஹைலக்ஸின் லோயர் ஆர்மில் அலைன்மென்ட் செய்வதற்கென்றே கேம் போல்ட்டுகள் இருக்கின்றன. அவற்றைத் திருப்பி பாசிட்டிவ் கேஸ்டரைக் கூட்டினால் சக்கரம் சில மி.மீ. முன்னே வரும். சில மி.மீ. என்று அலட்சியமாக நினைக்காதீர்கள்; உரசல் நிற்க அதுவே போதுமானதாக இருக்கும்.

சென்டரில் போய் வெறுமனே "அலைன்மென்ட் பண்ணுங்க" என்றால் டோவை (சக்கரங்கள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருக்கும் அளவு) மட்டும் சரிபார்த்து அனுப்பிவிடுவார்கள். "கம்பெனி அளவுக்குள் கேஸ்டர் எவ்வளவு கூட்ட முடியுமோ கூட்டுங்க, ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி வேணும், அப்புறம் டோ வைங்க" என்று சொல்லுங்கள். பிரின்ட் அவுட் வாங்கி இரண்டு பக்கக் கேஸ்டரையும் ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டுக்கும் அரை டிகிரிக்கு மேல் வித்தியாசம் இருந்தால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். ஸ்டியரிங் சற்றே கனமாகும். பதிலுக்கு ஹைவேயில் நேராக நிற்கும்.

லிஃப்ட் கிட் ஏன் ஏமாற்றுகிறது என்பதும் இங்கேதான் புரியும். முன்பக்கத்தைத் தூக்கினால் பொதுவாகக் கேஸ்டர் குறையும். சக்கரம் பின்னே போகும். பள்ளத்தில் அமுங்கும்போது மேலே இடிப்பதற்கு வேண்டுமானால் லிஃப்ட் உதவும். முழுக்க ஒடிக்கும்போது பின்னால் உரசுகிறவருக்கு அது பதில் இல்லை.

படி 5: உலோகத்தைத் தொட வேண்டி வந்தால்

இதுவரை வந்தும் உரசினால், மிச்சம் இருப்பது இரண்டு இடங்கள். ஒன்று, லைனருக்குப் பின்னால் இரண்டு தகடுகள் சேரும் விளிம்பு. அதைச் சுத்தியலால் மடக்கிப் படுக்க வைக்கலாம். வெட்ட வேண்டாம். மடக்கும்போது சீலன்ட் விரிசல் விடும். சுரண்டி எடுத்து, ப்ரைமர் அடித்து, புதிதாகச் சீம் சீலர் தடவி, மேலே பெயின்ட் அடியுங்கள். சென்னை, தூத்துக்குடி மாதிரிக் கடற்கரை ஊர் என்றால் இதை மறுநாளைக்குத் தள்ளிப்போடாதீர்கள். துரு காத்துக்கொண்டே இருக்கும்.

இன்னொன்று கேப் மவுன்ட்: கேபினைச் சேசிஸோடு பிணைக்கும் இரும்புத் தாங்கி. 285 டயர் போட்ட வண்டிகளில் பின்பகுதி மாட்டுவது பெரும்பாலும் இதில்தான். இதன் மூலையை வெட்டி, மேலே தகடு வைத்து வெல்டிங் அடிப்பது ஆஃப்ரோடு ஆட்களிடையே வழக்கம். புதியவர்கள் செய்ய வேண்டாம் என்பது என் கட்சி. விபத்தில் கேபினைப் பிடித்து நிறுத்த வேண்டிய பாகம் அது. ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் கம்பெனி சொன்னதிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவும் சொல்கிறது. உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் அதை உறுதிப்படுத்தியது. இன்சூரன்ஸ் க்ளெய்ம் வரும்போது வெட்டிய தாங்கி கேள்விக்குள்ளாகும். அந்தச் செலவையும் தலைவலியையும் நினைத்தால், 285ஐ விற்றுவிட்டு 265/70 வாங்குவது மலிவு.

ஸ்டியரிங் ராக்கில் வாஷர் போட்டு ஒடிப்பதைக் குறைக்கலாம் என்றும் யாராவது சொல்வார்கள். உரசல் நிற்கும், ஆனால் ஏற்கெனவே நீளமான வண்டி, ஒவ்வொரு யூ-டர்னிலும் ரிவர்ஸ் போட வேண்டியிருக்கும்.

படி 6: திரும்பச் சோதனை

வீல் நட்டுகளை நட்சத்திர வரிசையில், மேனுவலில் உள்ள டார்க்குக்கு (இறுக்கும் விசை அளவு) இறுக்குங்கள். சாக்பீஸைத் தேய்த்து முதல் படியை மீண்டும் செய்யுங்கள். இந்தத் தடவை ஐந்து பேரை ஏற்றி, பின்னால் வழக்கமான சுமையையும் வையுங்கள். டயருக்கும் மற்றதுக்கும் இடையே எங்கேயும் ஒரு விரல் நுழைய வேண்டும். அப்புறம் வேகம் கலந்த சோதனை. கொல்லிமலைப் பக்கம் இருப்பவர்களுக்கு 70 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. மற்றவர்கள் ஸ்பீட் பிரேக்கரில் பிரேக் பிடித்துக்கொண்டே திரும்பிப் பார்க்கலாம். 100 கிலோமீட்டர் ஓடியதும் நட்டுகளையும் லைனர் கிளிப்புகளையும் மறுபடி ஒருமுறை பாருங்கள்.

ஸ்டெப்னி விஷயத்தையும் மறந்துவிடாதீர்கள். நாலு டயரும் பெரிது, ஸ்டெப்னி மட்டும் பழைய அளவு என்றால், பஞ்சரான நாளில் அதை மாட்டிக்கொண்டு ஃபோர் வீல் டிரைவ் போடக் கூடாது. சுற்றளவு வேறுபட்ட சக்கரங்கள் கியர்களை இறுக்கிப் பிடித்து, முன், பின் சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துத் தரும் டிரான்ஸ்ஃபர் கேஸுக்கே வேலை வைத்துவிடும். டூ வீல் டிரைவிலேயே மெதுவாகப் பஞ்சர் கடை வரை போங்கள். ஐந்தாவது டயரும் புது அளவில் வாங்குவதாக இருந்தால், வாங்குவதற்கு முன்பே அது பின்னால் அடியில் இருக்கும் இடத்தில் அடங்குகிறதா என்று அளந்து பாருங்கள்.